இன்வலிட் என்னும் பட்டாளச் சொல்



சில மாதங்களுக்கு முன் செகந்தராபாத்திலிருந்து நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். 1971ஆம் ஆண்டுப் போரில் முழங்காலில் குண்டு பாய்ந்து, நெடுநாள் மருத்துவமனையில் கிடந்து, பின்னர்ப் பணியிலிருந்து அனுப்பப்பட்டவர். அவ்வூர்த் தமிழன்பர்கள் கூடி வெளியிடும் மலர் ஒன்றுக்காகத் தந்தையாரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதப் புகுந்த நண்பர், பழைய விடுவிப்புத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். பள்ளியிற் படிக்கும் பேரன் அதனைப் படித்துவிட்டு, "தாத்தா, உங்களை ஏன் இன்வாலிட் என்று எழுதியிருக்கிறார்கள்? நீங்கள் செல்லாதவரா?" என்று கேட்டானாம்.

சிறுவன்மீது பிழையில்லை. கணினியிற் கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டினால் திரையில் தோன்றும் சொல் அது. காலாவதியான பயணச்சீட்டுக்கும் பரிசோதகர் சொல்லும் சொல் அதுவே. பெரியவர் சிரித்துவிட்டாராம், நண்பருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "இச்சொல்லுக்கு மலரிலே தமிழில் என்ன எழுதுவது?" என்று என்னைக் கேட்டிருந்தார். ஒரு வரியில் விடை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்த எனக்கு, அச்சொல் நடந்து வந்த வழி மிக நெடியது என்பது பிறகுதான் தெரிந்தது. அவ்வழியையே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

முதலில் ஓசையைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாயினும் சொல் இரண்டு. அழுத்தம் முதலசையில் விழுந்தால் 'இன்வலிட்'. நோயாலோ காயத்தாலோ வலுவிழந்த மனிதர் என்பது பொருள். அழுத்தம் இரண்டாம் அசையில் விழுந்தால் 'இன்வாலிட்'. செல்லாதது என்பது பொருள். இரண்டுக்கும் தாய் இலத்தீன் மொழியின் 'வாலிதுஸ்' என்னும் சொல். வலிமையுடையது என்பது அதன் பொருள். வலிமையுடைய உடம்பையும் அச்சொல்லாற் குறித்தனர். வலிமையுடைய சட்டத்தையும், பத்திரத்தையும் அதே சொல்லாற் குறித்தனர். முன்னே எதிர்மறை சேர்ந்தபோது வலுவற்ற உடம்பும் வலுவற்ற பத்திரமும் ஒரே பெயரைப் பெற்றன. ஆகவே சிறுவன் கேட்ட கேள்வி அச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கின்றது எனலாம்.

இச்சொல் பட்டாளத்துக்குள் பெருமையோடு புகுந்த இடம் பிரான்சு நாடு. அதற்கு முன்னர், கை கால் இழந்த போர்வீரர்களை அந்நாட்டு மன்னர்கள் மடாலயங்களுக்கு அனுப்பிவந்தார்கள். துறவிகளுக்குப் போர்வீரர்களோடு ஒத்துவரவில்லை. போர்வீரர்களுக்கும் மடாலயத்து மணியோசையோடு ஒத்துவரவில்லை. பலர் வெளியேறிப் பாரிஸ் நகரத் தெருக்களிற் பிச்சை எடுத்தனர். பதினான்காம் லூயி மன்னன் 1670ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறப்பித்து, அவர்களுக்கென்று ஒரு பெருமாளிகை எழுப்பத் தொடங்கினான். லிபரல் புருவான் என்னும் சிற்பி வரைபடம் வகுத்தார். 1674ஆம் ஆண்டு முதல் வீரர்கள் அங்கே குடிபுகுந்தார்கள். 'இன்வலிடுகளின் மாளிகை' என்பதே அதன் பெயர். இன்று பாரிஸ் செல்வோர் பொன்முலாம் பூசிய அதன் மாடத்தையும், அதன் கீழுள்ள நெப்போலியனின் கல்லறையையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். காயமுற்ற படைவீரர்கள் இன்றும் அக்கட்டடத்தின் ஒரு பகுதியில் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அம்மாளிகையை அன்னசத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கிருந்தோர் சீருடை அணிந்தனர். பட்டாள ஒழுங்குக்கு உட்பட்டனர். கை வழங்கியோர் காலணியும் காலுறையும் செய்யும் தொழிற்கூடங்களில் உழைத்தனர். நடமாட முடிந்தோர் தனிக் கம்பெனிகளாகத் திரட்டப்பட்டுக் கோட்டைக் காவலுக்கு அனுப்பப்பட்டனர். அஃதாவது, 'இன்வலிட்' என்பது படையினின்று நீங்கினவன் பெயரன்று. படைக்குள்ளேயே ஓர் இடத்தின் பெயர். பெயர்ப்பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அவனுக்கு ஒரு வரிசையும் வேலையும் இருந்தன. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்த மாறுதல் இதிலேதான்.

உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றில் இவர்கள் நின்றதைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்வதில்லை. 1789ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் பாரிஸ் மக்கள் பாஸ்டீல் சிறைக்கோட்டையைத் தாக்கினார்கள் அல்லவா? அதைக் காத்து நின்றவர்களில் 82 பேர் இன்வலிடுகள்; 32 பேர் சுவிஸ் நாட்டுச் சிப்பாய்கள். அன்று காலையில் மக்கள் துப்பாக்கிகளைக் கைப்பற்றிய இடமும் இன்வலிடுகளின் மாளிகையே. கோட்டைத் தலைவர் நம்பிக்கையிழந்து வெடிமருந்துக் கிடங்குக்குத் தீயிடத் துணிந்தபோது அவரைத் தடுத்ததும், சரணடைவதே நலமென்று வற்புறுத்தியதும் இம்முதிய வீரர்கள்தாம். அவ்வெடிமருந்து பற்றியிருந்தால் சுற்றுவட்டாரமே அழிந்திருக்கும். அப்படியிருந்தும் கூட்டத்தின் சினத்துக்கு அவர்களிற் சிலர் பலியானார்கள். புரட்சியின் வரலாற்றில் கொடுங்கோன்மையின் கோட்டை என்று வருணிக்கப்படுவதைக் காத்தவர் பெரும்பாலோர் வயதேறிய, காயத்தழும்புடைய காவற்காரர்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆங்கிலேயரும் இதே வழியைப் பின்பற்றினர். இரண்டாம் சார்லஸ் மன்னன் காலத்தில், 1682இல், செல்சியா என்னுமிடத்தில் முதிய வீரர் இல்லம் தொடங்கப்பெற்றது. இல்லத்தில் இடம் சிலருக்கே. ஏனையோர் வெளியே இருந்து ஓய்வூதியம் பெற்றனர். அவ்வாறு வெளியே இருந்தவர்களைத் திரட்டி 1719இல் ஓர் இன்வலிடு ரெஜிமெண்டையே அமைத்தார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது அப்பெயரோடு கோட்டைகளைக் காத்துவந்தது.

இடம் கொடுத்தவர்கள் அதே இடத்தைக் காட்டி வேலை வாங்கவும் செய்தார்கள். 1740ஆம் ஆண்டு கப்பற்படைத் தலைவர் ஜார்ஜ் ஆன்சன் ஸ்பானியருக்கு எதிராகப் பசிபிக் கடலுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. கப்பல்களுக்கு வேண்டிய தரைப்படை வீரர் கிடைக்கவில்லை. செல்சியாவிலே ஓய்வூதியம் பெறும் இன்வலிடுகள் 500 பேரைக் கப்பலேற்றுங்கள் என்று மேலிடம் ஆணையிட்டது. அறுபது வயதைக் கடந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். எழுபதைக் கடந்தவர்களும் இருந்தனர். போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தபோது, நடக்கக் கால் இருந்தவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஓட முடியாத 259 பேரே கப்பலேறினர்! தென் அமெரிக்க முனையைச் சுற்றும்போது புயலும், உணவுக் குறையால் வரும் ஸ்கர்வி நோயும் அவர்களை வாரிக்கொண்டன. ஆன்சன் ஏறிச் சென்ற 'செஞ்சூரியன்' கப்பலில் இருந்த ஐம்பது இன்வலிடுகளில், ஹுவான் பெர்னாண்டஸ் தீவை அடைந்தபோது எஞ்சியவர்கள் நால்வர். பல்லாண்டுகளுக்கு முன் ஆறிப்போன காயங்கள் ஸ்கர்வி நோயினால் மறுபடி வாய் திறந்தன என்று அப்பயண வரலாறு கூறுகின்றது. ஆன்சன் புதையலோடு திரும்பியதை 1744இல் இலண்டன் நகரம் கொண்டாடியது. இன்வலிடுகளை அனுப்பிய அதிகாரிகளை எவரும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இச்சொல்லுக்கு நேர்ந்தது வேறுவகை. 1863ஆம் ஆண்டு ஏப்ரலில் வடபகுதி அரசாங்கம் 'இன்வலிட் கோர்' என்ற ஒரு படைப்பிரிவை அமைத்தது. துப்பாக்கி பிடிக்க முடிந்தவர்களுக்குக் காவல் வேலை. ஒரு கையோ காலோ இழந்தவர்களுக்கு மருத்துவமனையிலும் சமையற்கூடத்திலும் வேலை. வான்நீல நிறத்தில் தனிச் சீருடை கொடுத்தார்கள். ஆனால் படைப்பிரிவின் பெயருக்குரிய இரண்டு முதலெழுத்துகள் 'ஐ.சி.' என்று அமைந்துவிட்டன. அக்காலத்தில் கெட்டுப்போன இறைச்சிப் பீப்பாய்களின்மீதும், உதவாத குதிரைகளின்மீதும், 'பரிசோதித்துக் கழிக்கப்பட்டது' என்பதற்கு அடையாளமாக அதே இரண்டு எழுத்துகளைச் சர்க்கார் முத்திரையாகக் குத்திவந்தனர். மற்றப் பட்டாளத்தார் கேலி செய்யக் கேட்பானேன்? கெட்டிஸ்பர்க்கிலும் பிற களங்களிலும் காலிழந்த மனிதர்கள் கெட்ட இறைச்சியோடு ஒப்பிடப்பட்டார்கள். ஓராண்டு கழியுமுன்னே, 1864 மார்ச்சில், அரசாங்கம் 'முதுவீரர் சேமப்படை' என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டிற்று. ஆட்கள் அவர்களே, வேலையும் அதுவே. அவ்வாண்டு ஜூலையில் தென்பகுதிப் படை வாஷிங்டன் நகரை நெருங்கியபோது அதைத் தடுக்க நின்றவர்களுள் இவர்களும் இருந்தார்கள். சொல்லை மாற்றினால் காயம் ஆறுமா என்று கேட்கலாம். ஆறாதுதான். ஆனாலும் அவ்வீரர்கள் கேட்டது தங்கள் சட்டைமீது ஒட்டிய முத்திரையை எடுக்கச் சொல்லித்தானே!

நம் நாட்டுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் இச்சொல்லையும், அதற்குரிய ஏற்பாட்டையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். காசிக்குத் தென்மேற்கே கங்கைக் கரையில் சுனார் என்றொரு கோட்டை இருக்கிறது. அங்குக் கம்பெனியின் ஐரோப்பிய இன்வலிடுகளை நிறுத்தியிருந்தனர். தாய்நாட்டுக்குத் திரும்பிப் போக வழியோ மனமோ இல்லாதவர்கள் அக்கோட்டையிலேயே காவல் இருந்து, பலர் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். அவர்களுடைய கல்லறைகள் சுனாரில் இருக்கின்றன.

இந்தியச் சிப்பாய்களுக்குச் செய்த ஏற்பாடு இன்னும் சுவையானது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், பீகாரில் பாகல்பூர்ப் பகுதியில், காயமுற்ற சிப்பாய்களுக்கும் முதுமையெய்திய சிப்பாய்களுக்கும் நிலம் அளித்துக் குடியேற்றினர். அக்குடியிருப்புகளுக்கு 'இன்வலிட் தாணா' என்று பெயர். காவல்நிலையத்தைக் குறிக்க நாமும் வழங்கும் 'தாணா' என்ற சொல்தான் அது. அந்நிலங்கள் பெரும்பாலும் மலையடிவாரத்தில் காடு மண்டிக் கிடந்தவை. மலைமேல் வாழ்ந்த பகாரியா மக்கள் சமவெளியில் இறங்கிக் கொள்ளையடிப்பதைத் தடுக்க இடையில் ஒரு வேலி வேண்டியிருந்தது. காட்டை வெட்டி உழவும் ஆள் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் இவர்கள் பயன்பட்டார்கள். கம்பெனியாரின் ஈகையிற் கணக்கும் கலந்தே இருந்தது. அவ்வேலிக்கு அப்பால் நின்ற மலைவாழ் மக்கள் இவ்வேற்பாட்டை எப்படிக் கண்டார்கள் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. இருப்பினும் சிப்பாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், காயமுற்றவனுக்கு ஒரு காணியும், அக்கம்பக்கத்தில் தன்போன்ற தோழரும், கம்பெனியின் பெயரும் இருந்தன. அவன் இன்னும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன்.

நம் தமிழ்நாட்டு நீலகிரிக்கும் இச்சொல்லுக்கும் உறவுண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் உதகமண்டலம் பெயர் பெற்றதே உடல்நலம் குன்றிய வெள்ளைக்காரப் படை அதிகாரிகள் தேறுவதற்கு ஏற்ற இடம் என்பதனால்தான். உதகைக்கு உல்லாசமாகப் போய்வரும் நாம், அவ்வூர் நோயாளிகளால் வளர்ந்த ஊர் என்பதை நினைப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இச்சொல்லின் இலக்கணம் மாறலாயிற்று. மருத்துவக் குழுக்களும், ஓய்வூதிய விதிகளும் வந்தன. இன்வலிடுகளின் தனிப்படைகள் மெல்ல மெல்லக் கலைந்தன. அதுவரை பெயர்ச்சொல்லாக இருந்த 'இன்வலிட்' வினைச்சொல்லாயிற்று; அதுவும் செயப்பாட்டுவினை. ஒருவன் இன்வலிடாக இருந்தான் என்பது போய், ஒருவன் 'இன்வலிடு செய்து வெளியே அனுப்பப்பட்டான்' என்பது வந்தது. நண்பரின் தந்தையார் தாளில் உள்ள தொடரும் இதுவே. முன்பு ஓர் இடத்தைக் காட்டிய சொல் இப்போது வாசலைக் காட்டுகிறது.

வாசலைக் காட்டும் அச்சொல்லுக்காக ஏங்கியவர்களும் உண்டு. முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் 1914ஆம் ஆண்டு இறுதியில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பனியிலும் சேற்றிலும் நின்று போரிட்டார்கள். காயமுற்றோரில் ஒரு பகுதியினரை இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து அரச மாளிகையில் அமைத்த மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். சரவிளக்குகளின் கீழே கட்டில்கள், தனித்தனிச் சமையற்கூடங்கள், தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். படம் எடுத்து உலகெங்கும் பரப்பினார்கள். ஆனால் அங்கிருந்து ஊருக்கு எழுதப்பட்டுத் தணிக்கையாளர் கையில் சிக்கிய கடிதங்கள் வேறு கதை சொல்கின்றன. காயம் ஆறியதும் மறுபடி களத்துக்கே அனுப்புகிறார்களே என்னும் மனக்குறை அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருமுறை குருதி சிந்தியவன் கடமை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். ஆள் பற்றாத மேலதிகாரிகள் எண்ணம் அதுவன்று. 'இன்வலிட்' என்று எழுதப்பட்டவனுக்கு இந்தியா. எழுதப்படாதவனுக்கு மீண்டும் பதுங்குகுழி. மருத்துவரின் பேனா முனையில் ஒரு மனிதனின் உயிர் தொங்கிய காலம் அது.

அப்போரில் கை கால் இழந்து திரும்பியோருக்குத் தொழில் கற்பிக்க 1917இல் பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1922இல் அது பூனாவை அடுத்த கிர்க்கிக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், பூனாவில் செயற்கை உறுப்பு நிலையம் தோன்றியது. முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த வீரர்களுக்காக 1974இல் கிர்க்கியில் ஒரு மறுவாழ்வு நிலையம் அமைந்தது. பூனாவில் வாழும் தமிழ் நேயர்கள் பலர் இவற்றின் வாயிலைக் கடந்தே அன்றாடம் வேலைக்குப் போய்வருகிறீர்கள். பழைய இன்வலிடுகளின் மாளிகையில் இருந்த ஏதோ ஒன்று, கூட்டமாக இருப்பதும் கைத்தொழில் பழகுவதும், இவ்வாயில்களுக்கு உள்ளே எஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து காயமுற்ற முரளிகாந்த் பேட்கர் என்னும் மராட்டிய வீரர், 1972இல் ஹைடல்பர்க் நகரத்துப் பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் தங்கப்பதக்கம் பெற்றார். தேசம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது 2018ஆம் ஆண்டிலே.

வாசலைக் காட்டாமல் உள்ளேயே இருத்திக்கொள்வதும் நம் இராணுவத்தில் நிகழ்ந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டுப் போரில் கண்ணிவெடியில் காலிழந்த கூர்க்காப் படை அதிகாரி இயன் கார்டோசோ பணியை விட்டு நீங்க மறுத்துவிட்டார். மரக்காலோடு மலையேறிக் காட்டி, உடல் தகுதியை மெய்ப்பித்து, போர்க்காயத்தால் உறுப்பிழந்தும் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்திய அதிகாரி ஆனார். மேஜர் ஜெனரலாக உயர்ந்து ஓய்வு பெற்றார். சாதாரணச் சிப்பாய்களுக்கும் உடல் தகுதிக்கு ஏற்ற இலேசான வேலை கொடுத்து வைத்துக்கொள்ள விதியுண்டு. 'நிழலிடப் பணி' என்று அதனை மொழிபெயர்க்கலாம். எத்தகைய வேலை காலியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

வெளியே வந்தவர்களுக்கோ சொல்தான் சோறு. நம் நாட்டு விதிகளின்படி, போரிற் பட்ட காயமென்றால் ஒருவகை ஓய்வூதியம். படைப்பணியால் உண்டான அல்லது அப்பணியால் முற்றிய ஊனமென்றால் வேறொருவகை. பணிக்குத் தொடர்பில்லாத நோயென்றால் இன்வலிட் பென்ஷன். மூன்றிலும் இழந்தது ஒரே காலாக இருக்கலாம். பெறும் தொகை ஒன்றன்று. பத்தாண்டு நிறையாமல் இன்வலிட் ஆனவருக்கு நெடுங்காலம் மாத ஓய்வூதியமே இல்லை. ஒருமுறை கொடுக்கும் தொகையோடு சரி. 2020ஆம் ஆண்டு ஜூலையிலேதான் அவர்களுக்கும் அது உண்டு என்று மத்திய அரசு அறிவித்தது. அதுவும் இராணுவ வேலைக்கு மட்டுமன்றி, வெளியுலக வேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியிழந்தவர்களுக்கே.

வழக்குமன்றங்கள் இச்சொல்லுக்கு உரை எழுதிக்கொண்டே இருக்கின்றன. படையிற் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதவர் பின்பு நோயுற்றால், அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரை இன்வலிட் என்று வெளியே அனுப்பிவிட்டு, 'ஊனம் இருபது விழுக்காட்டிற்குக் குறைவு. ஆகவே பென்ஷன் இல்லை' என்று சொல்வது பொருந்தாது என்று 2014இல் மற்றொரு தீர்ப்புக் கூறியது. சாமானியன் கேட்கும் கேள்வியைத்தான் நீதிபதிகளும் கேட்டார்கள்: வேலைக்கு ஆகாத அளவு ஊனமென்றால், உதவிக்கு ஆகாத அளவு சிறியதாவது எப்படி? பயிற்சிக் காலத்திலேயே காயமுற்று அனுப்பப்படும் இளைஞர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதிகாரியாகப் பதவியேற்கு முன்னரே அடிபட்டதனால் 'முன்னாள் படைவீரர்' என்ற பெயரும் அவர்களுக்கு இல்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது.

இனி நண்பரின் கேள்வி. பழந்தமிழில் இதற்கு நேரான பெயர்ச்சொல் எனக்கு அகப்படவில்லை. காயத்துக்குப் பெயர் இருக்கிறது: முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண், முதுகிற் பட்டது புறப்புண். இறந்தவனுக்கு நடுகல் உண்டு. குருதி சிந்தியோர் குடிக்கு அளித்த நிலத்தை 'உதிரப்பட்டி' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. பிழைத்துக் கிடப்பவனுக்குப் பெயரில்லை. ஆனால் அவனைப் பேணும் காட்சி இருக்கின்றது. மனையில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு புகைத்து, யாழிசைத்துக் காயமுற்றவனைக் காப்பதைப் புறநானூறு காட்டுகிறது. நெடுநல்வாடையிலோ, வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் உறங்காமல் எழுந்து, பாசறையில் வாட்புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவரும் பாண்டிய மன்னனைக் காண்கிறோம். படைத்தலைவன் முன்னே சென்று வேலால் ஒவ்வொருவரையும் சுட்டிக் காட்டுகிறான். காற்று பாண்டில் விளக்கின் சுடரை அலைக்கின்றது. அவர்கள் எல்லோரும் இன்னும் பாசறைக்குள்ளேதான் இருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் எழுதி, 'போர்க்காயத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்' என்று மலரிற் போடலாம் என நண்பருக்குத் தெரிவித்தேன். பதினைந்து நாளில் மறுமொழி வந்தது. பெரியவர் என் வரியைப் படித்துப் பார்த்து, 'விடுவிக்கப்பட்டவர்' என்பதை மட்டும் அடித்துவிட்டு, தம் கையாலேயே 'அனுப்பப்பட்டவர்' என்று எழுதிக் கொடுத்தாராம். மலரில் அவ்வாறே அச்சாகியிருக்கிறது.